தீப லீவில் வைத்த மெஷின்

— மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடும்மா மதி. ஒரே வரி. பிரச்சன முடிஞ்சுது.

— மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு சார். சென்னைக்காரங்ககிட்ட கெஞ்சி இரவல் வாங்கினது. இப்ப கெட்டுப்போச்சுன்னா அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?

— அப்ப டெல்லிக்காரங்க மூஞ்சில மட்டும் எப்படி முழிக்கிறது? இதோ இப்ப வீடியோவுல வரப்போறாங்க. நில அதிர்வ அளக்கற ஸ்டேஷனுக்கு மானியம் கேட்டீங்களே, எடம் அமைதியா இருக்கணும்னு சொன்னோமே, உங்க காலேஜ் எடத்துல எடுத்த கிராஃப் ஏன் இப்படி பேயாட்டம் ஆடுதுன்னு கேப்பாங்க. நீ என்னா சொல்லுவ?

— உள்ளத சொல்லுவேன். கார்த்திக தீபத்தன்னைக்கு எடுத்தோம்னு.

— அட கடவுளே! ஊரே தெரண்டு மலைய சுத்துற அன்னைக்கா அமைதிய அளந்தீங்கன்னு விழுந்து விழுந்து சிரிப்பாங்கம்மா.

— அன்னைக்கு வைக்கலாம்னு சொன்னது யாரு சார்?

— சரி, சரி, நான்தான். லோக்கல் லீவு, காலேஜ்ல ஈ காக்கா இருக்காது, பஸ்ஸு உள்ள வராது, கேன்டீன் மோட்டாரு ஓடாதுன்னு பாத்தேன். இந்த ஊர்லயே பொறந்து வளந்தவனுக்கு தீபம்னா கூட்டம்னா தோணுது? லீவுன்னுதான் தோணுது.

— எனக்கும்தான் ஒறைக்கல. குழி வெட்டி மெஷின வச்சிட்டு, நேரா நாமளே கிரிவலம் கெளம்பிட்டோம். அந்த கிராஃப் கோட்டுல உங்க காலும் இருக்கு சார்.

— கிண்டலா? போன வாட்டியே எடம் சரியில்லன்னு திருப்பிட்டாங்க. இந்த வாட்டியும் போச்சுன்னா பிரின்சிபால் மறுபடி கையெழுத்து போட மாட்டாரு. நானும் மே மாசத்தோட ரிட்டயரு. ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுல நீ ஒருத்தி தனியா நின்னு என்னா பண்ணுவ?

— மறுபடி மானியத்துக்கு அலைவேன் சார். எங்கம்மாவுக்காகவாவது அலைவேன்.

— தனம் அக்கா இன்னும் அந்த வூட்லதான் இருக்காங்களா? மலையடிவாரத்துல?

— எங்க வராங்க? புயல் மழையில மலை சரிஞ்சப்போ, எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளிதான் ஒரு வூட்ட மண்ணு மூடிச்சு. அதுலேர்ந்து தூறல் போட்டாலே அம்மா செருப்ப மாட்டிக்கினு வாசல்ல உக்காந்துடறாங்க. எங்கூட வந்துடும்மான்னா, மேல எவ்ளோ மண்ணு நிக்குது, எப்ப வரும், படிச்சவதானே நீ, சொல்லு, வர்றேங்கறாங்க.

— நீ என்னா சொன்ன?

— என்னத்த சொல்றது? கண்ணால பாத்தா தெரியாது. சரிவு பூரா தோண்டிப் பாக்கவும் முடியாது. வெடி வச்சி நெலத்த அதிர வச்சாதான் அடியில இருக்கறது தெரியும்.

— சாமி மலையில வெடியா? நம்மள ஊர விட்டே தொரத்துவாங்க!

— அதான் சார். நம்ம கோட்ட திரும்பத் திரும்ப பாத்துட்டே இருந்தேன். வெடி எதுக்கு? காலு இருக்கே!

— என்னா காலு? புரியற மாதிரி சொல்லும்மா.

— பாறையில அதிர்வு வேகமா போவும், பொலபொலன்னு இருக்கற மண்ணுல மெதுவா போவும். அத வச்சே மண்ணு எவ்ளோ ஆழம்னு கணக்கு போடலாம். அதிர்வு குடுக்க யாருனா வேணும், அவ்ளோதான். மாசாமாசம் பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனங்க மலைய சுத்தி ஒரே ரோட்டுல நடக்கறாங்க. சரிவுல அங்கங்க மெஷின் வச்சிட்டா போதும்.

— அது சரி. ஆனா நம்ம அப்ளிகேஷன்ல இதப் பத்தி ஒரு எழுத்து கெடயாதே.

— இப்ப சொல்லப்போறேன்.

— ஐயோ, கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணா? தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. எம்பேச்ச கேளு, மெஷின் கெட்டுப்…

— சார், வந்துட்டாங்க. கேமராவுல தெரியற மாதிரி உக்காருங்க. வணக்கம் சார், நான் மதிவதனி. இவரு எங்க துறைத் தலைவர் சகாதேவன்.

— வணக்கம் மேடம். நான் இளஞ்செழியன், தேர்வுக்குழுவுல இருக்கேன். தமிழ்லயே பேசுங்க, மத்தவங்களுக்கு நான் எடுத்துச் சொல்றேன். நேரடியாவே கேக்கறேன். உங்க இடத்துக்குப் பக்கத்துல கல்குவாரி எதுவும் ஓடுதா?

— இல்லைங்க சார்.

— தொழிற்சாலை?

— அதுவும் இல்லைங்க.

— அப்போ இந்தக் கோடு ஏன் இப்படி இருக்கு?

— சார், நான் சகாதேவன், அத நான் சொல்றேன். அது வந்துங்க… அந்த மெஷின்ல…

— சார், வேணாம் சார்.

— நீ சும்மா இரும்மா. அந்த மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. தீபத்தன்னைக்கு லீவாச்சேன்னு நான்தான் வைக்கச் சொன்னேன். நீங்க பாக்கறது அத்தனையும் எங்க ஊரு ஜனங்க நடந்தது. என் காலும் அதுல இருக்கு. மிச்சத்த இந்தப் பொண்ணு சொல்லும், தயவுபண்ணி முழுசா கேளுங்க.

— சொல்லுங்க மேடம்.

— சார், எங்கம்மா அந்த மலையடிவாரத்துலதான் இருக்காங்க. அவங்க தலைக்கு மேல எவ்ளோ மண்ணு நிக்குதுன்னு இந்தக் காலடிய வச்சே சொல்ல முடியும்னு நெனக்கிறேன். வெடி வேணாம், மலைய தோண்டவும் வேணாம். ஸ்டேஷன் கட்டடம்கூட வேணாம், எங்களுக்கு மெஷின் மட்டும் குடுங்க. தப்பா எடுத்த கோடுதான் சார். ஆனா பொய்யான கோடு இல்ல.

— கொஞ்சம் இருங்க மேடம். இங்க கலந்து பேசிட்டு வர்றேன்.

— போச்சு. சத்தத்த நிறுத்திட்டாங்க. அந்தக் கண்ணாடிக்காரரு தலைய ஆட்டறத பாத்தியா?

— ஆட்டட்டும் சார். இல்லன்னா அடுத்த வருஷம் மறுபடி போடுவேன். நீங்க ரிட்டயர் ஆனாலும் கூப்பிடுவேன், வரணும்.

— வர்றேம்மா. வேற எங்க போகப்போறேன்?

— மேடம், கேக்குதா? நில அதிர்வு ஸ்டேஷனுக்கு உங்க இடம் சரிப்படாது. அந்த விண்ணப்பத்த நிராகரிச்சுட்டோம்.

— சரிங்க சார். நேரம் ஒதுக்கினதுக்கு நன்றிங்க.

— இருங்க மேடம், வச்சுடாதீங்க. எங்ககிட்ட சும்மா கிடக்கற மெஷினையெல்லாம் வண்டியில ஏத்தி அனுப்பறதுக்கு நாள் குறிக்கணும், இங்க ஒருத்தருக்கும் தெரியல: அடுத்த பௌர்ணமி என்னைக்கு?