ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி

இல்லை ஐயா, அதைக் கழட்டாதேங்கோ. அது குண்டுமில்லை, குண்டுக்கு நேரம் வைக்கிற சாமானுமில்லை. நடக்கிற அடியை எண்ணுற பெட்டி. இடுப்பிலை கொழுவிக்கொண்டு நடந்தால் நம்பர் ஏறும், நிண்டால் நிக்கும். வேணுமெண்டா நீங்களே கொழுவிக்கொண்டு அந்த வாசல் மட்டும் போட்டு வாங்கோ. சரி சரி, வேண்டாம்.

நான் இதிலை இருக்கலாமோ? கதிரை வேண்டாம், இந்த வாங்குப் பலகை காணும். முழங்கால் ரெண்டும் விண் விண் எண்டுது.

ஓம், நீங்கள் பிடிச்சு வைச்சிருக்கிற தம்பிராசாவுக்காகத்தான் வந்தனான். வீடு வீடா நடந்து பேப்பர் போடுற மனுசன், அறுவத்தஞ்சு வயசு. வியாழக்கிழமை துறைமுகத்தடியிலை உங்கடை பொலிஸ் ஆக்கள் சோதிக்கேக்கைதானே அவரின்ரை இடுப்பிலை இதைக் கண்டது?

எனக்கெப்பிடித் தெரியுமோ? அதைத்தான் சொல்ல வாறன். எங்கடை ஒழுங்கையிலை ஒரு கிழவன் இருக்கிறான். சரியான சோம்பேறி, வாய் மட்டும் நல்லா வேலை செய்யும். குடாவுக்குள்ளை வந்த திமிங்கிலத்துக்குத் தான் வெத்திலை மடிச்சுக் குடுத்ததெண்டு சத்தியம் பண்ணுவான். பேரோ? பேர் பிறகு சொல்லுறன்.

அவனுக்குச் சீனி வருத்தம். டாக்குத்தர் நட எண்டார், நடக்கேல்லை. கனடாவிலை இருக்கிற மகன் இந்தப் பெட்டியை அனுப்பி, நாளைக்குப் பத்தாயிரம் அடி எண்டு கட்டளை போட்டான். ஞாயிறுக்கு ஞாயிறு ரெலிபோன் எடுத்து நம்பர் கேப்பான். கிழவன் என்ன செய்தான்? முதல்லை கதிரையிலை இருந்து கையாலை ஆட்டினான். கை நொந்து போச்சு. பிறகு ஆட்டின்ரை காலிலை கட்டினான். அது நாப்பதினாயிரம் காட்டிச்சு. மகன் பயந்துபோய், அப்பா, இந்த வயசிலை இப்பிடி ஓடாதேங்கோ எண்டு அழாக்குறையாச் சொன்னான்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. அப்பதான் தம்பிராசாவின்ரை நினைப்பு வந்தது. எப்பிடியும் நடக்கிற மனுசன்தானே, சும்மா கொழுவிக்கொண்டு போங்கோ அண்ணை எண்டு குடுத்தது. ஆறு மாசமா அவர் நடந்தார், கிழவன் நம்பர் சொன்னான்.

என்ன? ஆருடைய பெட்டி எண்டு அவர் இன்னும் சொல்லேல்லையோ? நாலு நாளாவோ?

...கொஞ்சம் தண்ணி தாங்கோ ஐயா.

சொன்னா அந்தக் கிழவனையும் இழுத்துக்கொண்டு வருவியள் எண்டுதான் அந்த மனுசன் வாய் திறக்கேல்லை. அவரின்ரை மனுசி குணேஸ்வரி படலை வாசலிலை நிண்டு, உங்களுக்கு ஏதும் தெரியுமோ எண்டு கேட்டவ. ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்தாச்சு. நேற்று ஞாயிறு. ரெலிபோன் வந்தது. இண்டைக்கு எத்தினை அப்பா எண்டு கேட்டான். பெட்டி இஞ்சை உங்கடை மேசையிலை. நான் பத்தாயிரத்து எண்ணூறு எண்டு சொன்னன்.

ஓம், நான்தான். ஞானசேகரம் எண்டு எழுதுங்கோ. மகன்ரை கடிதமும் பெட்டி வந்த உறையும் இந்தப் பையிலை இருக்கு. அவரை விட்டிட்டு என்னை வைச்சிருங்கோ.

ஆட்டோவோ? இல்லை ஐயா, உப்புவெளியிலையிருந்து நடந்துதான் வந்தனான். ஏறி இருக்க மனம் வரேல்லை. இந்த ஆறு மாசத்திலை நான் உள்ளபடி நடந்தது இண்டைக்குத்தான். எத்தினை அடியெண்டு மட்டும் கேக்காதேங்கோ, எண்ணுற சாமான் உங்களிட்டையெல்லோ கிடக்கு.