டிப்ஸ்டிக்கில் கட்டிய சீட்டு

பழைய காருக்கு விலை கூடிய ஆயிலை ஊற்றினால் நன்றாக ஓடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஓடாது. அறுபது வயது எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்று அந்த எஞ்சினைத்தான் கேட்க வேண்டும், கடைக்காரனை அல்ல. நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். இதை நான் நிதானமாகச் சொன்னால்தான் மற்றது புரியும்.

இன்றைய ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் குறைவு. பழைய எஞ்சினில் இரும்பு இரும்போடு நேராக உரசும் இடங்கள் உண்டு. அங்கே அந்தத் துத்தநாகம்தான் தோல் மாதிரி நின்று காக்கும். அதைவிட முக்கியம் கசடு. வருடக்கணக்கான அழுக்கு எஞ்சினின் அடியில் களிமண்ணாகப் படிந்து கிடக்கும். இன்றைய ஆயிலுக்குச் சோப்புக் குணம் அதிகம். அதை ஊற்றினால் படிந்த கசடு கழன்று கிளம்பி, ஆயில் உறிஞ்சும் இடத்தில் இருக்கும் கம்பி வலையை அடைக்கும். ஆயில் ஏறாது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அப்படியே இறுகிவிடும். அதனால் அப்படிப்பட்ட வண்டிக்குச் சோப்பில்லாத, கெட்டியான, பழைய ரக ஆயில்தான் சரி. படிந்ததைப் படிந்தபடியே விட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். படித்தது இயந்திரப் பொறியியல். ஆனால் இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. ஊற்றிப் பார்த்து, வடித்துப் பார்த்து, விரலில் தேய்த்துப் பார்த்து நானாகக் கற்றது.

நான் வேலை பார்க்கும் பழைய கார்ப் பட்டறையிலேயே அம்மா பதினெட்டு வருடம் எண்ணெய்த் துணி துவைத்தாள். வெந்நீரும் சலவைக் காரமும் தின்று அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை. எந்த அலுவலகத்திலும் கைரேகை மெஷின் அவளை ஓர் ஆளாக ஒத்துக்கொள்ளாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்:

"வா டிகிரி. உங்கம்மா துணிய துவைக்கட்டும், நீ அழுக்காக்கு. குடும்பத்துக்கே வேலை ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அங்கே என் பெயர் டிகிரி.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயில் மாற்றிய ஒவ்வொரு காரிலும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் வளையத்தில் மெழுகு பூசிய அட்டைச் சீட்டு ஒன்றைச் செம்புக் கம்பியால் கட்டுவோம். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்தத் தேதி, யார் தேர்வு. கீழே ஒரு கையெழுத்து. பழைய கார் வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆறு வருடத்தில் நாற்பத்தேழு கார்களுக்கு ஆயில் தேர்ந்தெடுத்தவள் நான். சீட்டை எழுதியவளும் நான். ‘யார் தேர்வு’ என்ற இடத்தில் முதலாளி பெயர் இருக்கும், கீழே அவர் கையெழுத்து இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே, வாசிக்காமல், ஒரு கட்டாகப் போட்டுத் தள்ளுவார். பழைய கார்க்காரர்களின் சங்கம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மோந்து பார்த்தே ஆயில் சொல்லுகிறவர் என்று அவருக்குப் பேர். மல்லிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு அது.

ஒரே ஒரு முறை கேட்டேன்.

"தேர்வுங்கற இடத்துல என் பேர எழுதலாமா சார்?"

"எழுதேன். அப்புறம் வண்டிக்காரர் கேப்பாரு, யாரு இதுன்னு. துணி துவைக்கிறவ பொண்ணுன்னு சொல்லவா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்பதுபோலத்தான் கேட்டார்.

போன வருடம் என் நோட்டில் இருந்த பட்டியலை அச்சடித்துப் புத்தகம் ஆக்கினார். எந்தக் காருக்கு எந்த ஆயில், ஏன், எதை ஊற்றக் கூடாது, எல்லாம் என் வாக்கியங்கள். அட்டையில் அவர் படம், கையில் டிப்ஸ்டிக். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

இனி அந்த வெண்ணெய் நிறக் காருக்கு வருவோம். அது அவருடைய சொந்தக் கார். சங்கத்தின் மலைப் பயணத்தில் ஒவ்வொரு வருடமும் அதுதான் முன்னால் போகும். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே அடித்தட்டில் இரண்டு விரல் கனத்துக்குக் கசடு. ஆயில் அழுத்தம் காட்டும் முள் வேலை செய்யாமல் இரண்டு வருடம் ஆகிறது. பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாது என்று முள்ளை நடுவில் நிறுத்திப் பசை வைத்து ஒட்டியவர் அவரே. அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

பட்டறையின் பின்கட்டில் அதே ரக எஞ்சின்கள் இரண்டு கிடந்தன, அதே அளவு கசடோடு. மெல்லிய புது ஆயில் ஒன்றைத் தேர்ந்தேன். கூடவே கசடை இளக்கும் திரவம். இரண்டையும் ஊற்றி ஓடவிட்டேன். ஒன்று முப்பத்தெட்டாவது நிமிடத்தில் இறுகியது, மற்றது நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில். டிகிரி ஏதோ பழுது பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று யாரும் எப்போதும் பார்த்ததில்லை. அது எனக்கு முதன்முதலாக உதவியது அன்றுதான்.

பட்டறையிலிருந்து மலை உச்சிக்கு முப்பது நிமிடம். அங்கே நிற்பதில்லை. அதைத் தாண்டினால் இறக்கம், பதினோரு வளைவு, கீழே ஏரிக்கரை விடுதி. சாப்பாடும் மைக்கும் பேச்சும் அங்கேதான்.

ஏற்றத்திலேயே நிற்கும்படி செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏற்றத்தில் எஞ்சின் இறுகினால் கார் நிற்கும், அவ்வளவுதான். இறங்கித் தள்ளுவார்கள், சிரிப்பார்கள், சாயங்காலத்துக்குள் மறந்துபோவார்கள். இறக்கத்தில் இறுகினால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியே கிளட்சை மிதித்தால் தப்பலாம். தப்ப வழியே இல்லாமல் நான் எதையும் செய்யவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சீட்டிலும் நான் பொய் எழுதவில்லை. ஆயிலின் பெயர், திரவத்தின் பெயர், அளவு, எல்லாம் உள்ளது உள்ளபடி. பட்டறையில் எந்த மெக்கானிக் வாசித்திருந்தாலும் "இதப் போய் எவன் ஊத்தினான்" என்று கேட்டிருப்பான். பயணத்துக்கு முந்தின நாள் இரண்டையும் அந்தக் காரில் ஊற்றிவிட்டு, சீட்டை முதலாளி முன்னால் வைத்தேன். போனில் யாரோடோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வாசித்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவருக்கு நான் கொடுத்த வாய்ப்பு அது.

மறுநாள் காலை அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் ஓட்டுவாள் என்று சொல்லிவிட்டு, தான் பின்னால் வரும் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் வெளியூரில் படிக்கிறாள், கடைசி வருடம். அந்தப் பட்டறையில் என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரே ஆள். நான் பானெட்டைத் திறந்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்க எழுத்துதானேக்கா?"

"ஆமா."

"அந்தப் புக்குல இருக்கறதும் உங்க பட்டியல்தான். எனக்குத் தெரியும். நேத்து அப்பாகிட்ட பெரிய சண்டை."

"எதுக்கும்மா இதெல்லாம்."

"எதுக்காவா? நல்லா கேட்டீங்க. கீழ போனதும் மைக்கப் புடிச்சு நானே சொல்லிடறேன். அப்பா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாருங்க." சிரித்தாள். பிறகு சீட்டைத் தட்டிக் கேட்டாள். "இந்த ஆயில் இறக்கத்துக்குத் தாங்கும்லக்கா? எனக்கு இந்த வண்டி பழக்கமே இல்ல."

"தாங்கும்" என்றேன்.

அவளைத் தடுக்க ஒரு வார்த்தை போதுமே என்று நினைக்கிறீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. கையில் துடைக்கிற துணியோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்ததை, கைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பதுபோல் கொடுக்க வந்திருந்தாள். அந்த வீட்டிலிருந்து அப்படி வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நல்ல பெண்.

பானெட்டை நானே மூடினேன். அந்த ரகத்துக்கு இரண்டு கையாலும் அழுத்தி மூட வேண்டும். இல்லையென்றால் வழியில் திறந்துகொள்ளும், ஆபத்து.

பிறகு உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். முப்பதாவது நிமிடம் வரை போன் போட்டு நிறுத்தியிருக்கலாம். அவள் எண் என்னிடம் இருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டேன். ஏழாவது வளைவு என்று பிறகு சொன்னார்கள். நாற்பத்தொன்றாவது நிமிடமாக இருக்க வேண்டும். என் கணிப்புக்குள்தான் வருகிறது.

இத்தனை நாள் சும்மா இருந்தவள் இன்று ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். பள்ளத்தில் கிடந்த காரில் சீட்டு கிழியாமல் கிடைத்தது, அதில் அவர் கையெழுத்து. நீங்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவர் என்ன சொன்னார் என்று நேற்றுச் செய்தியில் வந்தது. இந்த ஸ்டேஷன் வாசலில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் தேர்ந்தெடுத்தேன். என் கையாலதான் ஊத்தினேன். வேற யாரையும் கேக்காதீங்க. என் பொண்ண நானே கொன்னுட்டேன்."

அம்மா அதைப் பார்த்து அழுதாள். "பாவம்டி. அந்த மனுஷன் இனி எப்படித் தூங்குவான்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகள் போன பிறகும், அடுத்தவள் வேலையைத் தன் வேலை என்று சொல்லும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அந்த ஆயிலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. எந்த ஆயில் எத்தனை நிமிடத்தில் கசடைக் கழற்றும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார். ஏழு ஜென்மம் கொடுத்தாலும் அவருக்கு அது வராது.

ஆகையால் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். இனிஷியலோடு, பட்டத்தோடு. கையெழுத்து நானே போடுகிறேன், முழுவதும் வாசித்துவிட்டு. இது என் வேலைதான் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்கிறீர்கள். அந்தப் பட்டறையில் அது தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவள் இருந்திருந்தால் எனக்காக வந்து சொல்லியிருப்பாள்.