பேட்டரிக்குக் காவிரி வார்த்தவன் பேசுகிறேன்

அணைத்தவன் நான்தான்!

சற்று முன்னால் நம் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி திடீரென்று ஊமையாயிற்றே! தலைவரின் வாய் அசைந்தது, கை வீசியது, சத்தம் மட்டும் வரவில்லையே! "கரண்ட் விழாவிலேயே கரண்ட் போச்சுடா" என்று கைதட்டிச் சிரித்தீர்களே! அது மின்வாரியத்தின் பிழையா? இல்லை. பேட்டரியின் பிழையா? இல்லவே இல்லை. அடியேன் பிழை. மேடைக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில், ஒரு சுவிட்ச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத அறையின் சுவிட்சை அணைத்து அணைத்தே தேய்ந்த அப்பன் விரல் இது. என்னைக் கேட்காமலே போய் அணைத்துவிட்டது. மைக்செட்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் முதுகில் உணர்கிறேன்.

ஆகவே மன்னிப்பில் தொடங்கி, வணக்கத்துக்கு வருகிறேன்.

முப்பது ஆண்டுகள் மழையிலும் கம்பம் ஏறி, நம் வீடுகளில் விளக்கேற்றி, இன்று ஓய்விலும் ஓயாத விழாத் தலைவர், லைன்மேன் ஐயா செல்லக்கண்ணு அவர்களே! எங்கள் தெருச் சங்கத்தின் தூணாக, துணையாக, தேவைப்பட்டால் என் தலையில் ஒரு தட்டாகவும் விளங்கும் செயலாளர் பஷீர் அகமது பாய் அவர்களே! தையல் ஊசியால் குடும்பத்தைத் தைத்து, அன்பால் தெருவைத் தைத்த சகோதரி வஹீதா அவர்களே! முன்வரிசையில் மூன்று நாற்காலிக்கு மூவராக இல்லாமல் ஐவராக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சுண்டல் எப்போது என்று கண்ணாலேயே கேட்கும் பெரியோர்களே! பொன்மலைப்பட்டியின் மங்காத மாணிக்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த முருகானந்தத்தின் பணிவான வணக்கம்!

நான் பேச்சாளன் இல்லை. படிப்பு பத்தாவது. அதிலும் கணக்கில் கருணை மதிப்பெண். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். எவ்வளவு பெரிய இன்ஜினையும் பிரித்துப் பூட்டுவேன். என் வீட்டு இன்வெர்ட்டர் முன்னால் மட்டும் நான் ஒரு பூஜ்யம். ஊரில் கரண்ட் போனாலும் இருளாத நம் மின்காப்பு அறைக்கு இன்று முதலாம் ஆண்டு நிறைவு விழா. இந்த அறை எதனால் பிறந்தது என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? அறிஞருக்கா? பொறியாளருக்கா? இல்லை ஐயா! தப்புச் செய்தவனுக்குத்தான் உண்டு. அந்தத் தகுதியில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை!

யாரது? ரெங்கம்மாள் அக்காவா? என்ன சொல்றீங்க? "தீர்த்தக் கதையச் சொல்லுங்க"ன்னா? சொல்றேன்க்கா. அதுக்குத்தானே மேடை ஏத்திவிட்டிருக்காங்க.

என் மனைவி விஜயராணியின் நுரையீரலில் தழும்பு விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காற்றை இழுத்துப் பிராணவாயுவாகப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும். அந்த இயந்திரம் குடிப்பது மின்சாரம். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் என்ன நிற்கும்? மின்விசிறி நிற்கும். மாவரைப்பது நிற்கும். தொடர் நாடகத்தில் மாமியார் கை ஓங்கியபடி நிற்பாள். என் வீட்டில் கரண்ட் போனால் எது நிற்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: "இன்வெர்ட்டர் வெச்சுக்கங்க, கூடவே ஒரு சிலிண்டரும் எப்பவும் ஃபுல்லா வெச்சுக்கங்க." இரண்டையும் வாங்கினேன். வாங்கிய பின்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதுதான் ஆபத்து!

பேட்டரிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று தனியாக விற்கிறார்கள். உப்பில்லாத, சத்தில்லாத, ருசியில்லாத தண்ணீர். என் மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போகிறேன். அம்மா மண்டபப் படித்துறையில் முழுக்குப் போடுகிறேன். வரும்போது ஒரு கேன் நிறையக் காவிரி கொண்டு வருகிறேன். ஊருக்கே உயிர் ஊட்டும் தண்ணீர் ஒரு பேட்டரிக்கு உயிர் ஊட்டாதா? கல்லணை தாண்டிப் போய் நெல்லை விளைவிக்கும் தண்ணீர் என் வீட்டு மூலையில் கரண்டை விளைவிக்காதா? ஊற்றினேன் ஐயா! மூடியைத் திறந்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பயபக்தியோடு ஊற்றினேன். ஒரு மாதமா, இரண்டு மாதமா? ஒரு வருடம் ஊற்றினேன்!

சிரிக்காதீங்க. கடைசி வரிசையில கையத் தூக்கிச் சிரிக்கிறவர் மட்டும், போன வாரம் உங்க வீட்டு இன்வெர்ட்டர்ல எதுக்கு மிக்சியப் போட்டு ஓட்டினீங்கன்னு எழுந்து சொல்லுங்க பார்ப்போம். பார்த்தீங்களா, உட்கார்ந்துட்டார்.

இன்வெர்ட்டர் இருக்கிற தைரியத்தில் சிலிண்டர் தீர்ந்த பிறகும் நிரப்பவில்லை. "இந்த வாரம் போறேன், அடுத்த வாரம் போறேன்" என்று தள்ளினேன். அதற்கு நடுவில் இன்னொரு வீரச்செயலும் செய்தேன். எதிர்வீட்டில் பஷீர் பாயும் வஹீதா சகோதரியும் பத்துத் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். கரண்ட் போனால் அவர்களுக்கு ஜெனரேட்டர். அது தடதடவென்று உறுமும், குபுகுபுவென்று புகை விடும். நான் என்ன செய்தேன்? தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி அதற்கு எதிராக மனு எழுதினேன். "அமைதி விரும்பும் பொதுமக்கள்" என்று தலைப்பு வேறு! அன்றிலிருந்து எதிரெதிர் வாசலில் இருந்துகொண்டே நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்சாரம் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். படித்தேன். படித்துவிட்டு மீசையை முறுக்கினேன். "நமக்கென்னம்மா, நம்ம கிட்ட இன்வெர்ட்டர் இருக்கு!"

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. ஒன்பது இருபதுக்கு "கீங்" என்றது. நான் பெருமையாகச் சொன்னேன், "அது வேலை செய்யுதுன்னு சொல்லுது." ஒன்பது இருபத்தைந்துக்குக் "கீங் கீங் கீங்" என்றது. ஒன்பதரைக்கு எல்லாம் அடங்கியது. வீட்டில் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்த இயந்திரத்தின் சத்தம் நின்றது.

என் மகள் இளவேனில் அம்மாவின் விரலில் பிராணவாயு அளவு காட்டும் கருவியை மாட்டினாள். "தொண்ணூத்தி மூணுப்பா." நான் சிலிண்டரைத் திருகினேன். காலி! "தொண்ணூத்தி ஒண்ணு." ஆம்புலன்சுக்கு அவள் போன் போட்டாள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தவர் பாய். "விஜயா... மிஷின்..." என்றேன். அந்த மனிதர் என்ன சொல்லியிருக்கலாம்? "அமைதி விரும்பும் பொதுமக்களா, வாங்க" என்றிருக்கலாம். "மனுவுல இதை எழுதலையே" என்றிருக்கலாம். சொன்னாரா? சொன்னாரா ஐயா? உள்ளே திரும்பி ஒரே குரல் கொடுத்தார்: "வஹீதா! மெஷினை எல்லாம் நிப்பாட்டு!"

மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டிய சீருடைகள் பாதித் தையலில் இருந்தன. வஹீதா சகோதரி ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. "நிறுத்துங்கடி எல்லாரும்! துணி காத்திருக்கும், அக்காவுக்கு மூச்சு காத்திருக்காது!" என்றார். பாய் மாடியிலிருந்து வயரை வீசினார். நான் தெருவில் நின்று பிடித்தேன். இளவேனில் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தாள். நான் எந்தச் சத்தத்தை எதிர்த்து ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினேனோ, அந்தத் தடதட சத்தம் என் வீட்டுக்குள் மூச்சாக நுழைந்தது! எண்பத்தெட்டில் நின்ற எண் எழுந்தது. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து! எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஜெனரேட்டரைப் போல் இனிமையாக ஒன்று பாடி நான் கேட்டதில்லை!

மறுநாள் மெக்கானிக் வந்து பேட்டரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுல என்னங்க ஊத்துனீங்க?" நான் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; மரியாதைக்காரர். என் மகள்தான் சொன்னாள்: "அப்பா, பேட்டரிக்குத் தீர்த்தம் குடுத்து நேரா மோட்சத்துக்கே அனுப்பிட்டீங்கப்பா!"

அக்கா, போதுமா? இனி நீங்க தெருவுல எனக்கு "தீர்த்தம்"னு பேர் வெச்சது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

அந்த வாரமே நம் சங்கம் கூடியது. ஒருவர் மின்வாரியத்தைத் திட்டத் தொடங்கினார். நம் தலைவர் எழுந்தார். "கம்பத்துல ஏறுறவன் உயிரோட இறங்கணும்னாத்தான் கரண்ட நிறுத்துறோம். நிறுத்துற நேரத்துல நீங்க என்ன பண்ணப் போறீங்கன்னு மட்டும் பேசுங்க" என்றார். அதோடு திட்டு நின்றது, திட்டம் பிறந்தது. வீட்டுக்கு வீடு பெரிய பேட்டரி வைக்க நம்மால் முடியுமா? முடியாது. ஆனால் நம் சங்கக் கட்டடத்துக்கு ஒரு மாடி இருக்கிறது. மாடிக்கு மேல் திருச்சி வெயில் இருக்கிறது. இந்த வெயிலை இத்தனை வருடம் திட்டித் தீர்த்தோமே தவிர, வேலை வாங்கினோமா? சூரியத் தகடு போட்டோம். தகடு நிற்க இரும்புச் சட்டம் வேண்டும். பணிமனை நண்பர்களும் நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து வெல்டிங் வைத்தோம். பேட்டரி வைத்தோம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி! அதை முன்மொழிந்தவள் என் மகள்; வழிமொழிந்தது இந்தத் தெரு முழுவதும்; ஒரே ஓர் ஆள் மட்டும் தலை குனிந்திருந்தான்.

அறைக்கு என்ன சட்டம்? இளவேனில் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினாள். முதலில் மூச்சு. அடுத்து மருந்து. அடுத்து பிழைப்பு. டிவிக்கு இங்கே இடமில்லை. கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்றைக்குக் கரண்ட் போனபோது இந்தச் சட்டத்தைத் திருத்த வந்த கூட்டத்தை வஹீதா சகோதரி கத்தரிக்கோலோடு வாசலில் நின்று திருப்பி அனுப்பியதை வரலாறு மறக்காது!

சென்ற ஐப்பசியில் அந்தப் புயல்மழை வந்ததே! மரம் சாய்ந்து, கம்பி அறுந்து, நாற்பத்தொரு மணி நேரம் பொன்மலைப்பட்டியில் பாதி இருண்டதே! அப்போது நாம் என்ன ஆனோம்? இதே கட்டடத்தில், இதே அறையில், விஜயராணி மூச்சு விட்டாள். ரெங்கம்மாள் அக்காவின் இன்சுலின் குளிர்ந்திருந்தது. மூன்று வயதுக் குழந்தை கனிஷ்காவுக்கு இரைப்பு வந்து, மருந்தைப் புகையாக்கித் தரும் கருவி இங்கே ஓடி, அவள் அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள். இரண்டாம் நாள் சூரியன் முகம் காட்டவில்லை. பேட்டரி இறங்கியது. பயந்தோமா? பாயின் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தோம். எந்தக் கையால் மனு எழுதினேனோ, அந்தக் கையால் கயிற்றை இழுத்துக் கிளப்பினேன்! அது உறுமியது, பேட்டரி உண்டது, விளக்கு ஒரு கணம்கூடக் கண் சிமிட்டவில்லை! நாற்பத்தொரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது ஒரு மூச்சுகூட இங்கே குறையவில்லை! ஒரு மூச்சுகூடக் குறையவில்லை ஐயா!

இருட்டு வராமல் தடுக்க நம்மால் முடியாது. புயலுக்கு நாம் மனுப் போட முடியாது. போட்டாலும் அது வாங்கிப் படிக்காது. ஆனால் இந்தத் தெருவில் இனி ஒருவர் வீட்டு மூச்சு நின்றால் நூற்றிருபது வீட்டுக் கதவு திறக்கும்! திறக்குமா, திறக்காதா? சத்தமாச் சொல்லுங்க, மைக்கை நான் அணைக்க மாட்டேன்! திறக்கும்! அதுதான் நம் வெற்றி!

முடிக்கிறேன். வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். பேட்டரி மூடியில் என்ன தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். காவிரியை நீங்கள் குடியுங்கள். மூச்சு இயந்திரம் உள்ள வீட்டுக்காரர்கள், சிலிண்டரின் முள்ளை இன்றே பாருங்கள். இவ்வளவு நேரம் சுண்டல் வாசனையையும் பொறுத்து என் பேச்சையும் பொறுத்த தாய்மார்களுக்கும், தலைவருக்கும், பாய்க்கும், அணைத்ததை மறுபடி போட்ட மைக்செட்காரருக்கும் நன்றி சொல்லி, எல்லோர் வீட்டிலும் விளக்கும் மூச்சும் நீடித்திருக்க வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்!

இந்தப் பேச்சை விழா மலருக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேசியதை அப்படியே எழுதிவிட்டேன். மேடையில் பேசாதது ஒன்று இருக்கிறது.

எதிர்வீட்டுக்கு ஓடினேன் என்று சொன்னேன். ஓடவில்லை. என் வாசற்படியில் நின்றேன். அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றேன். உள்ளேயிருந்து இளவேனில் "தொண்ணூறு" என்றாள். நின்றேன். "எண்பத்தொன்பது" என்றாள். அப்போதும் நின்றேன். எண்பத்தெட்டுக்குத்தான் என் கால் தெருவில் இறங்கியது. விஜயராணியின் கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வாசற்படி நன்றாகத் தெரியும். இன்று வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மலர் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் படிப்பவள் அவள்தான்.