எனக்குப் பிறகு

எனக்கு நல்ல குரல் என்று எல்லாரும் சொல்வார்கள், ஐயா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். படிக்கத் தெரியாதவர்களோ பார்வை மங்கியவர்களோ வந்தால் அதிகாரி என்னைத்தான் கூப்பிடுவார். பத்திரத்தை முழுக்க உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் கைநாட்டு.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்க்கொண்டிருந்தது. பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். தையல் மெஷினை மிதித்தே ஒரு சின்ன வீடும் கட்டியிருந்தாள். கல்யாணம், பிள்ளை குட்டி எதுவும் இல்லை. ஒரு நாள் அவளே சொன்னாள்: “எனக்குப் பிறகு இந்த வீடு உனக்குத்தான்டா. எழுதிக் கொண்டா.”

அவள் கேட்டது உயில். நான் எழுதியது தானப் பத்திரம். உயில் என்றால் அவள் இருக்கும்வரை வீடு அவளுடையது. தானம் என்றால் பதிவான அன்றே என்னுடையது.

ஏன் என்று கேட்பீர்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. “ஊரார் வீட்டையெல்லாம் பதியறீங்களே மாப்பிள்ளை, உங்க பேர்ல ஒரு செங்கலாவது உண்டா?” என்று மாமனார் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

“உங்க அக்காதானே, நீங்களே படிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு அதிகாரி வேறு கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நிறுத்தி நிதானமாகப் படித்தேன். தானம் என்ற சொல் அக்காவுக்கு உறுத்தவில்லை, கொடுப்பதுதானே தானம். ‘வீட்டைக் கொடுக்கிறேன்’ என்று வந்த இடத்தில் மட்டும், தாளில் இல்லாத இரண்டு சொல்லை வாய் கூசாமல் முன்னால் சேர்த்தேன். எனக்குப் பிறகு. அவள் தலையாட்டினாள். அவள் கட்டைவிரலைப் பிடித்து நானே மையில் ஒற்றினேன்.

நாலு மாதத்தில் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் என் பேரில் புது வீடு வாங்கினேன். வாங்கியவர் வந்து காலி செய்யச் சொன்னதும், அக்கா பத்திர நகலைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். “அந்த ஆளு என்னென்னவோ சொல்றான். இன்னொரு தரம் படிடா.”

படித்தேன். அந்த இரண்டு சொல்லோடுதான் படித்தேன். “அப்பாடா, நீ இருக்கிறப்ப எனக்கென்ன” என்று திரும்பிப் போனாள். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். அந்த உறுத்தல் இன்னும் என்னைத் தின்கிறது.

சாமான்களைத் தெருவில் வைத்த அன்று, பத்திரத்தில் ‘எனக்குப் பிறகு’ என்று இருப்பதைத் தன் காதாலேயே கேட்டதாக எல்லாரிடமும் சத்தியம் பண்ணினாள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் படித்துப் பார்த்தார். அதில் அப்படி இல்லை. பாவம், புத்தி பிசகிவிட்டது என்றார்கள். நான் மறுக்கவில்லை. என் புது வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. அங்கே வைத்துக்கொண்டால் தினமும் கேட்பாள். அதனால் முதியோர் விடுதியில் சேர்த்தேன். விண்ணப்பத்தில் ‘மனநிலை சரியில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன்.

அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அப்போ எனக்குத்தான் காது தப்பாக் கேட்டுச்சாடா?”

“ஆமாக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழு வாரத்தில் போய்விட்டாள். இப்போது யாருக்குப் படிக்க உட்கார்ந்தாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் நானாகவே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிவரை அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. உண்மையைச் சொல்லி அவள் மனசை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா.