பூட்டுக் கம்பி

இன்ஜின் ஆயில் மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. சூடாக இறங்கும் ஆயிலைப் பார்த்தே வண்டியை எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். என் தங்கை புருஷனுடைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கும் ஆயிலில் எப்போதும் பித்தளைப் பொடி மின்னும். உள்ளே பேரிங் தேய்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவனுக்கு ரேஸ் டிராக்கில் ஓட்டியாக வேண்டும். சாலைக்குச் செய்த கார் அது. டிராக்கின் நீண்ட வளைவில் ஆயிலெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும், பேரிங் கருகும். "அந்த வளைவுல மட்டும் கொஞ்சம் மெதுவாப் போங்க மாப்ள" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். முதல் இன்ஜின் படுத்தபோது தங்கையின் தையல் கடையிலிருந்த எம்ப்ராய்டரி மெஷின்கள் விலை போயின. இரண்டாவது படுத்தபோது கடையே போனது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டிராக்கில் ஊரே நிற்கும்போது அவன் என் தோளில் கை போட்டு, "மச்சான் கை பட்டாலே இன்ஜின் படுத்துக்கும். என்ன பண்றது, வீட்டு ஆளாப் போயிட்டாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கையின் கடை போனதுதான் காரணம்.

டிராக்கில் ஓடும் காருக்கு ஆயில் வடிக்கும் போல்ட்டை முடுக்கினால் மட்டும் போதாது. அதன் தலையில் துளையிட்டு, மெல்லிய கம்பியை முறுக்கிப் பக்கத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் கழன்றுவிடும். பூட்டுக் கம்பி என்போம். நான் கட்டிய கம்பி இதுவரை அவிழ்ந்ததில்லை.

அந்த ஞாயிறு நான் கட்டவில்லை. போல்ட்டையும் பாதி முறுக்கோடு விட்டேன். சூடேறியதும் அது விழும், ஆயில் பின்சக்கரத்தில் தெறிக்கும், கார் நீண்ட வளைவின் சுவரில் போய் நிற்கும். அவன் போகும் வேகத்துக்கு மூன்றாவது இன்ஜின் செலவு யாருக்கும் வராது.

அவன் காரைக் கிளப்பியபோது தங்கை ஹெல்மெட்டோடு வந்தாள். அதுவரை அவள் அந்தக் காரில் ஏறியதே இல்லை.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னாருண்ணா. எந்தப் பாழாப்போன வண்டிக்காக என் கடை போச்சுன்னு நானும் ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள்.

ஏறி உட்கார்ந்தவளுக்கு ரேஸ் பெல்ட்டை மாட்டத் தெரியவில்லை. நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன்.

"கம்பியெல்லாம் கட்டியாச்சா மச்சான், இல்ல வழக்கம்போலத்தானா?" என்று அவன் சத்தமாகக் கேட்டான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கட்டவில்லை, இறங்குங்கள் என்று சொன்னால் போதும். அதைக் கேட்டு அவன் எப்படிச் சிரிப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

"என் வேலையில என்னைக்கு மாப்ள குறை இருந்துச்சு?" என்று கதவைச் சாத்தினேன்.

இரண்டு பேர் உடலையும் வெளியே எடுக்கத் தகட்டை அறுக்க வேண்டியிருந்தது. அறுக்க வந்தவருக்கு வெட்டு நேராக விழவில்லை. கட்டரை வாங்கி நானே அறுத்தேன்.

உங்கள் ஆட்கள் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாவம், மெக்கானிக் மறந்துவிட்டான், இது விபத்துதான் என்று பேசிக்கொண்டார்களாம். டிராக்கில் இப்போது எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குக் கம்பிச் சுருள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

எல்லாம் தங்கைக்காகத்தான் செய்தேன். கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கம்பி கட்ட மறந்தவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.