நூற்றுப் பதினேழாம் விண்ணப்பம்

என் பெயர் புனிதவதி. தந்தை பெயர் முத்துக்குமாரு. வயது பதினேழு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவுடன் குடியிருக்கிறேன். ஐந்தாம் படிவ மாணவி. இன்று 14.8.1999 சனிக்கிழமை காலை 10.20க்கு பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் நிலையத்தில் சார்ஜன் பக்கிரிசாமி முன்னிலையில் இதை என் கையாலேயே தமிழில் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாக அவர் சொன்னார். "நீங்க எழுதினா சொல்லு மாறிடும் சார்" என்றேன். "வக்கீலுக்குப் படிக்கப் போறியா? சரி எழுது. கையெழுத்து புரியணும்" என்று தாளைக் கொடுத்தார். மலாயில் மொழிபெயர்ப்பது அவர் பொறுப்பு.

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள செந்தாரகை கல்லூரியின் கணினியில் பூட்டை உடைத்து நுழைந்து, மற்ற மாணவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்தேன் என்பது என் மேல் உள்ள புகார். பார்த்தேன். உடைக்கவில்லை.

31.7.1999 மாலை நான்கு மணியளவில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் உள்ள சைபர் கஃபேயில், அந்தக் கல்லூரியின் இணையத்தளத்தில் இலவச இடத்துக்கு விண்ணப்பம் நிரப்பினேன். 'குடும்ப நிலை' என்ற பெட்டியில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்து 'அச்சுக்கு அனுப்பு' என்பதை அழுத்தியதும் என் விண்ணப்பம் முழுவதும் திரையில் வந்தது. பிறந்த ஆண்டைத் தவறாக அடித்திருந்ததால் திரும்பிப் போய்த் திருத்தி மறுபடியும் அழுத்தினேன். அதன் பிறகு திரையின் மேலே இருக்கும் முகவரியைக் கவனித்தேன். அதன் கடைசியில் தற்காலிகக் கோப்பைக் குறிக்கும் 'டெம்ப்' என்ற சொல்லும் 118 என்ற எண்ணும் இருந்தன. அப்படியானால் தவறான பிரதி 117 ஆக இருக்கும், இரண்டும் அச்சாகிவிடுமோ என்று பயந்து, 118ஐ அழித்து 117 என்று அடித்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. திறந்தது என்னுடையது அல்ல, வேறொரு பெண்ணுடையது. நான் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எங்கிருந்தோ அனுப்பியிருக்கிறாள்.

அவள் எழுதியதில் மூன்று வரி படித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அது என் தவறு. அதன் பிறகு 116ஐத் திறந்தேன், என் தவறான பிரதி அங்கே இருந்தது. அதன் பிறகு 90ஐயும் 1ஐயும் திறந்து, தலைப்பை மட்டும் பார்த்து மூடினேன். ஒன்றாம் எண்ணில் ஏப்ரல் மாதத் தேதி இருந்தது.

2.8.1999 திங்கட்கிழமை பள்ளி விட்டதும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய், விண்ணப்பப் பிரிவில் இருக்கும் இராஜம்மா அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திகைக்கவில்லை. "நானும் அப்படித்தான் ஒவ்வொரு நம்பரா தட்டித் திறப்பேன். சனிக்கிழமை மொத்தமா பிரிண்ட் எடுப்போம். பேப்பர் சிக்கிக்கிச்சுன்னா மறுபடி எடுக்கணும் இல்ல? அதான் அழிக்கிறதே இல்ல லா" என்றார். "அப்போ வெளியில இருக்கிறவங்களும் திறக்கலாமே அக்கா?" என்று கேட்டேன். "யாரு வந்து நம்பர் தட்டிக்கிட்டு இருக்கப் போறா?" என்றார். என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அதன் பிறகு கணினிப் பிரிவுத் தலைவர் திரு. விநாயகமூர்த்தி வந்தார். "பூட்டின ரூம்ல பூந்துட்டு, பூட்டு சரியில்லன்னு எனக்கே பாடம் நடத்த வந்தியா?" என்றார். பூட்டு எங்கே இருந்தது என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் ஒரு கடிதத்துடன் வந்தார். கல்லூரியின் பாதுகாப்பை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அதில் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் என் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும், இல்லாவிட்டால் நீக்கப்படும், போலீசுக்கும் போவேன் என்றார். அன்று இரவு அப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். எனக்கு வேறு எந்தக் கல்லூரிக்கும் வழியில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா இரண்டு முறை படித்தார். "எழுத்தில குடுத்ததைத் திரும்ப எடுக்கேலாது பிள்ளை. யோசிச்சுச் செய்" என்றார். யோசித்தேன். மறுநாள் அதைக் கையெழுத்தில்லாமல் தபாலில் திருப்பி அனுப்பினேன்.

இதுவரை எழுதியதும் சார்ஜன் படித்துவிட்டு, எதையும் யாரும் சும்மா திறக்க முடியாது என்றுதான் கல்லூரி புகாரில் சொல்லியிருக்கிறது, அதனால் 117இல் என்ன இருந்தது என்று எழுதினால் அந்த முகவரியைத் தாமே அடித்து ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும், நான் சொல்வதற்கு அதுவே சாட்சி என்றும் சொன்னார். இந்தத் தாள் எங்கே போகும் என்று கேட்டேன். "ஃபைல்ல போகும். ஃபைல் என் டிராயர்ல இருக்கும்" என்றார். டிராயருக்குப் பூட்டு உண்டா என்று கேட்டேன். "பூட்டு இருக்கு. சாவிதான் எங்கேயோ..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் 117இல் இருந்ததை எழுத மாட்டேன். அவள் பெயரையும் எழுத மாட்டேன்.

அதற்குப் பதிலாக 118 என்னுடையது, அதைத் திறக்க நான் அனுமதி தருகிறேன் என்றேன். 11.15க்கு எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரும் அதே சைபர் கஃபேக்கு நடந்து போனோம். நான் சொல்லச் சொல்ல சார்ஜன் ஒற்றை விரலால் முகவரியை அடித்தார். புகார் கொடுத்த பிறகும் அவர்கள் எதையும் அழித்திருக்கவில்லை. என் விண்ணப்பம் திறந்தது. 'குடும்ப நிலை'யில் அம்மா இறந்த வருடம் வரை படித்தார், பிறகு தாமே மூடிவிட்டார். மவுஸை மறுபடி பிடித்து, "117ஐயும் ஒரு தடவ பாத்துட்டா கேஸ் முடிஞ்சிடும்" என்றார். "அது என்னோடது இல்ல சார். அந்தப் பிள்ளைகிட்டதான் கேக்கணும்" என்றேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

11.50க்கு நிலையத்துக்குத் திரும்பி இதைத் தொடர்ந்து எழுதுகிறேன். சார்ஜன் திறந்த வழியும் நான் திறந்த வழியும் ஒன்றுதான். அது குற்றமானால் குற்றவாளிப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரையும், அதற்குக் கீழே சனிக்கிழமைதோறும் திறக்கும் இராஜம்மா அக்காவின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். கல்லூரியில் இடம் போனால் போகட்டும். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள் அந்தப் பெண். மூன்று வரிக்காக நான் அவளிடம் கேட்பேன். ஒன்று முதல் நூற்றுப் பதினெட்டு வரை உள்ள எல்லோரிடமும் கல்லூரி கேட்கட்டும்.

இதில் உள்ளது முழுவதும் எனக்கு நேர்ந்தது, நான் அறிந்த உண்மை. எவரும் சொல்லித்தந்தோ மிரட்டியோ எழுதியதல்ல. எழுதியதை நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். எதையும் அடித்துத் திருத்தவில்லை.

(ஒப்பம்)
மு. புனிதவதி
பகல் 12.25