ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை

லிஃப்ட் நேற்றிலிருந்து ஓடவில்லை. நான்கு மாடி ஏறி வந்திருக்கிறீர்கள், அதுவும் அந்த முழங்காலோடு. பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறீர்கள். கதவில் பதித்திருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் தண்ணீர் கொடுப்பதென்றால் கதவைத் திறக்க வேண்டும். அதைத்தான் நான் செய்யப் போவதில்லை.

காலை ஆறு மணி இரண்டு நிமிடம். ஒரு முறை அழைப்பு மணியை அழுத்திவிட்டீர்கள். இனிப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்துவீர்கள், நடுவில் தட்டுவீர்கள், ஏழு ஆனதும் தாளில் எழுதிக்கொண்டு இறங்கிப் போவீர்கள். இவ்வளவு சிரமப்படுகிறவருக்கு விஷயம் என்னவென்று யாராவது சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் மனசுக்குள்ளேயே சொல்கிறேன். அவசரமில்லை, நமக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது.

என் கணவர் உள்ளே தூங்குகிறார். நீங்கள் தேடி வந்திருப்பது அவரைத்தான்.

உங்கள் விதியை உங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். தொழில்முறை சைக்கிள் வீரர் ஒவ்வொரு நாளும் எந்த முகவரியில், எந்த ஒரு மணி நேரம் இருப்பார் என்று முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். ஊக்கமருந்துப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் அந்த நேரத்துக்கு வந்து நிற்பார். ஆளைக் காணோம் என்றால் தாளில் 'ஆள் இல்லை' என்று எழுதுவார். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று 'ஆள் இல்லை' விழுந்தால், ஊசி போட்டுக்கொண்டு பிடிபட்டவருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான். என் கணவருக்குப் படிவம் என்றாலே எட்டிக்காய். நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். யாருக்கு எப்போது நேரம், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் என் பிழைப்பே. கல்யாணமான முதல் மாதமே கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"நீயே பாத்துக்க. எனக்கு மிதிக்கத்தான் தெரியும்" என்றார்.

மிதிக்கத் தெரியுமே தவிர ஜெயிக்கத் தெரியாது. அது அவர் வேலையும் இல்லை. அணியின் தலைவர் களைத்துப்போகாமல் இருக்க அவருக்கு முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்று கொடுப்பார். கடைசி மலை வந்ததும் ஒதுங்கிவிடுவார். அணியில் அவருக்குப் பெயர் 'குடை'. பதினோரு வருடத்தில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காதவர். ஜெயிக்கவே போகாதவருக்கு எதற்கு ஊக்கமருந்து என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஒரு பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை இறக்கத்தில், மழையில், அவர் வழுக்கித் தடுப்பைத் தாண்டிப் போய் விழுந்தார். கேமரா நிற்கவில்லை. தலைவர் முன்னால் போய்விட்டார், கேமராவும் அவரோடு போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பந்தயத்தைக் காட்டினார்கள். விழுந்தவர் பெயரை ஒருத்தர்கூட வாய்திறந்து சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், யாரோ ஒருவர் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை தோளில் கட்டோடு மறுபடியும் சைக்கிளில் ஏறினார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

முதல் 'ஆள் இல்லை' உண்மையாகவே என் கவனக்குறைவு. என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம், முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து கொஞ்சம் பயம் பிடித்துக்கொண்டது. ஊரில் இருக்கும் நாட்களில் ஆறிலிருந்து ஏழு வரை கூடத்தை விட்டு அசைய மாட்டார். நானும் தேநீரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவேன். வருடத்தில் இருநூறு நாள் வெளியூரில் இருக்கிற மனிதர் எனக்கென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தார் என்றால், அது உங்கள் புண்ணியம்தான். நீங்களே சில நாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிறுநீர் வராமல் அவர் மூன்றாவது சொம்பு குடித்துக்கொண்டிருக்க, "அவசரமே இல்ல சார், எனக்குச் சம்பளம் ஒண்ணுதான்" என்று நீங்கள் சொன்னதும் மூன்று பேரும் சிரித்ததும் நினைவிருக்கிறது.

மணியை மறுபடியும் அழுத்துகிறீர்கள். சரியாகப் பத்து நிமிடம். நேரம் தவறாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது முறையும் இதே கதவு, இதே நீங்கள். மூன்று வாரப் பந்தயம் முடித்து முந்தின நாள்தான் வந்திருந்தார். காதில் பஞ்சு உருண்டை வைத்து, எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். நான் திறக்கத்தான் வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். இன்னும் பத்து நிமிடம் தூங்கட்டுமே என்று தோன்றியது. பத்து முடிந்ததும் இன்னொரு பத்து. அப்படியே ஏழு ஆகிவிட்டது. நான் யாரையும் அடிக்கவில்லை, பிடிக்கவில்லை. ஒரு கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு மணியிலிருந்த பேட்டரியைக் கழற்றி, தீர்ந்துபோன ஒன்றை மாட்டி வைத்தேன், மணி அடிக்கவே இல்லை என்று அவர் நம்ப வேண்டுமே. அவர் எழுந்து விஷயம் தெரிந்ததும் என்னைத்தான் தேற்றினார்.

மூன்றாவது முறைக்கு முப்பது விநாடி ஆனது. மலைமேல் பயிற்சி முகாமில் இருந்தார், சனிக்கிழமை வீடு திரும்புவதாக ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தேன். வேலை இடத்தில், ஒரு பல் பிடுங்கலுக்கும் அடுத்த பல் பிடுங்கலுக்கும் நடுவில், அவர் திரும்பி வரும் அடுத்த வாரம் முழுவதற்கும் வீட்டு முகவரியை எடுத்துவிட்டு மலைமேல் இருக்கும் விடுதியின் முகவரியைப் போட்டேன். சொன்னபடி சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். தினமும் ஆறிலிருந்து ஏழு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்தார். செவ்வாய்க்கிழமை நீங்கள் அந்த மலைக்குப் போய் விடுதி வாசலில் காத்திருந்தீர்களாம். உங்களை அலைய விட்டதற்கு வருத்தம்தான்.

விசாரணை அறையில் நீளமான மேசை, மூன்று பேர். நல்லவர்கள், குரல் உயர்த்தவே இல்லை. நடுவில் இருந்த அம்மாள் அவரிடம் கேட்டார்:

"பதிவெல்லாம் யார் பண்றது?"

"நான்தாங்க."

"கடைசியா முகவரிய மாத்தினதும் நீங்கதானா? அது உங்க மனைவி வேலை பாக்குற இடத்துக் கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்கு."

"நான்தான் அங்க போய் மாத்தினேன்."

அந்த நேரத்தில் அவர் மலைப்பாதையில் மிதித்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய சைக்கிளில் இருந்த கருவியே காட்டிக்கொடுத்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் பொய் சொல்கிறவர் எதில்தான் பொய் சொல்ல மாட்டார் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஒரு வருடத்தோடு போயிருக்க வேண்டிய தடை இரண்டு வருடமானது. அதற்கு முன்னால் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவர் சொன்னார்: "நீ தெரியாமப் பண்ணது. அதுக்கு உன்ன ஏன் எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கணும்?" நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமான அழுகை. பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்வரை அழுதேன். அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

செய்தித்தாளில் அவர் படம் வந்தது. பதினோரு வருடத்தில் அவர் படம் தனியாக வந்தது அந்த ஒரு முறைதான். என் மாமியார் போன் செய்தார். "என் பையன் அப்படிப்பட்டவன் இல்லம்மா. உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் அத்தை என்றேன். தெருவில் சைக்கிளில் போனால் "ஊசி, ஊசி" என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். பேச்சு குறைந்துவிட்டது, சிரிப்பு அடியோடு போய்விட்டது, ஆனால் இருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இந்த இரண்டு வருடம்தான் நல்ல வருடங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் சுவரில் சாய்ந்துவிட்டீர்கள். கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். ஆறரை ஆகிறது.

தடை அடுத்த மாதம் முடிகிறது. மறுபடி பந்தயத்துக்குப் போக வேண்டுமென்றால் தடை முடிவதற்கு முன்பிருந்தே முகவரியைப் பதிந்து உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். போன மாதம் அந்தப் பழைய தலைவர் கூப்பிட்டார். "குடை இல்லாம நனைஞ்சுக்கிட்டே இருக்கேன், வந்துடுப்பா" என்றாராம். சமையலறையில் இருந்த எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாகக் கேட்காத சிரிப்பு. எனக்காக ஒரு நாளும் வராத சிரிப்பு. அணி ஒரே ஒரு நிபந்தனை போட்டது: சேர்வதற்குள் இன்னொரு 'ஆள் இல்லை' விழுந்தால் ஒப்பந்தம் கிடையாது.

கடவுச்சொல் இப்போது அவரிடம். என்னைச் சந்தேகப்பட்டு அல்ல, எனக்குச் சிரமம் வேண்டாமாம். காதில் பஞ்சு வைப்பதில்லை. ஐந்தரைக்கே எழுந்து வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அப்படி உட்கார்ந்திருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தடை வந்த புதிதில் எனக்குத் தூக்கம் வராமல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பொடித்துப் பாலில் கலந்தால் ருசி தெரியாது. நீங்கள் எந்த நாள் வருவீர்கள் என்று தெரியாததால் தினமும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பதினோரு நாளாகிறது. முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். பிறகு அந்த உடம்பு பழகிக்கொண்டு ஐந்தரைக்கு முழித்தது, நானும் கொஞ்சம் கூட்டினேன். "என்னன்னே தெரியல, காலைல தலையே தூக்க முடியல. ஃபார்ம் போயிடுச்சோ?" என்று முந்தாநாள் பயந்துபோய்க் கேட்டார். வயசாகுதுல்ல என்றேன். நேற்றுக் காலையும் எழுந்து, தள்ளாடிக்கொண்டே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். அதனால் நேற்று ராத்திரி மீதம் இருந்ததை எல்லாம் போட்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தடை செய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலை முழுக்கப் படித்துப் பார்த்தேன். இது அதில் இல்லை. பரிசோதனையில் அவர் மாட்டிக்கொள்கிற எதையும் நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது ஒரு நிமிடம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நேற்றுப் படுத்த மாதிரியே படுத்திருக்கிறார், புரளக்கூட இல்லை. கால் சில்லென்று இருந்தது, இன்னொரு போர்வை போர்த்தினேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். சைக்கிள்காரர்களின் நாடி மெதுவானது, இவருக்கு நிமிடத்துக்கு முப்பத்தெட்டுதான், முதல் முறை பார்த்த டாக்டரே பயந்துவிட்டார். பொறுமையாகத் தேட வேண்டும். இரண்டு கையிலும் தேடினேன். கழுத்திலும் தேடினேன். எனக்குக் கை சரியாக வராது.

ஆறு ஐம்பத்தைந்து. கடைசி ஐந்து நிமிடத்தில் நீங்கள் போன் செய்யலாம் என்பது விதி. செய்கிறீர்கள். அவர் போன் தலையணைக்குப் பக்கத்தில், முழுச் சத்தத்தில் இருக்கிறது, உங்கள் அழைப்பைத் தவறவிடக் கூடாதென்று அவரே வைத்தது. நான்கு மாடிக்கும் கேட்கும். காதோரம் அடிக்கிறது. அடித்து ஓய்கிறது. மறுபடியும் செய்கிறீர்கள், மறுபடியும் அடிக்கிறது.

நின்றுவிட்டது.

பையைத் திறந்து தாளை எடுக்கிறீர்கள். பேனாவைத் தேடுகிறீர்கள். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, அதற்குள் எழுதிவிடாதீர்கள். அவர் மேல் இன்னொரு பழி விழுவதில் எனக்கு விருப்பமில்லை, இனிமேல் அதற்குத் தேவையும் இல்லை. பதிந்த முகவரியில், பதிந்த நேரத்தில்தான் இருக்கிறார் என்று உங்கள் தாளில் இருக்கட்டும். அவருக்கு அந்த நியாயமாவது கிடைக்க வேண்டும்.

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறக்கிறேன். நீங்கள் திடுக்கிட்டுப் பார்க்கிறீர்கள்.

"வாங்க சார், வீட்லதான் இருக்காரு" என்கிறேன். "சத்தம் போடாம வாங்க. தூங்குறாரு."